பாதுகாப்பு விசா மறுக்கப்பட்ட பின் அவுஸ்திரேலிய நீதிமன்றத்துக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவுஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசாவுக்கு (866, 790, 785 வகைகள்) விண்ணப்பித்து, முதலில் குடிவரவுத் திணைக்களமும் பிறகு அந்த முடிவை மீளாய்வு செய்யும் தீர்ப்பாயமும் மறுத்துவிட்ட நிலையில், அடுத்து நீதிமன்றம் (ஃபெடரல் சர்க்கியூட் மற்றும் குடும்ப நீதிமன்றம்) போக யோசிப்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. இது பொதுத் தகவல். உங்கள் தீர்ப்பைக் கையில் எடுத்து வாசித்த ஒரு சட்டத்தரணியின் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

எத்தனை நாளுக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும்?

35 நாள். வேலை நாள் கணக்கு கிடையாது. சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்த்துத்தான் 35.

பலர் சறுக்குவது எங்கிருந்து எண்ணுவது என்பதில். தீர்ப்பாயத்தின் எழுத்து மூலத் தீர்ப்பில் போட்டிருக்கும் திகதியிலிருந்து எண்ண வேண்டும். மின்னஞ்சலைத் திறந்து பார்த்த நாளையோ, முகவர் உங்களுக்குப் போன் எடுத்துச் சொன்ன நாளையோ கணக்கில் எடுக்க முடியாது. தீர்ப்புத் திகதி 2025 மார்ச் 3 என்றால் கடைசி நாள் ஏப்ரல் 7. முகவர் அதை மார்ச் 20இல்தான் அனுப்பினார் என்றாலும் கடைசி நாள் ஏப்ரல் 7தான்.

கடைசி நாளில் மாலை 4.30க்குப் பிறகு இணையவழி போட்டால், அது அடுத்த வேலை நாளில் தாக்கலானதாகக் கணக்கிடப்படலாம். எனவே 30ஆம் நாளையே உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

35 நாள் தாண்டிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் வழி குறுகிவிடும். குடிவரவுச் சட்டத்தின் 477ஆம் பிரிவின்படி நீதிமன்றம் கால நீடிப்புத் தரலாம். அதை அதே விண்ணப்பப் படிவத்தில் எழுத்தில் கேட்க வேண்டும்; ஏன் தர வேண்டும் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டும். நீதிபதி மூன்று விடயங்களை முக்கியமாகப் பார்ப்பார்: எவ்வளவு காலம் பிந்தியது, பிந்தியதற்கு நம்பக்கூடிய விளக்கம் உண்டா, வழக்கில் வாதிடத்தக்க சரக்கு இருக்கிறதா. மூன்றாவது பலமாக இருந்தால் முதல் இரண்டிலும் கொஞ்சம் இடம் கிடைக்கும். சரக்கு இல்லாவிட்டால் மூன்று நாள் பிந்தியதற்கும் நீடிப்புக் கிடைக்காமல் போகலாம்.

"முகவர் சொல்லவில்லை", "மனநிலை சரியில்லை" என்று வாயால் சொன்னால் போதாது. முகவருக்குப் பணம் கட்டிய ரசீது, அவருடன் பரிமாறிய வட்ஸ்அப் செய்திகள், வைத்தியரின் திகதியிட்ட கடிதம் எல்லாவற்றையும் சத்தியக்கடதாசியுடன் இணைக்க வேண்டும். நீடிப்பு மறுக்கப்பட்டால் அந்த மறுப்புக்கு எதிராகச் சாதாரண மேன்முறையீடு கிடையாது என்பதால், இந்த இடத்தில் முழுப் பலத்தையும் காட்டிவிடுங்கள்.

தீர்ப்பாயத்துக்குப் போகாமல் நேரே நீதிமன்றம் போகலாமா?

பெரும்பாலும் முடியாது. தீர்ப்பாயம் மீளாய்வு செய்யக்கூடிய திணைக்கள முடிவை நேரே விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வெளியில் இருப்பவருக்கு 28 நாள்; தடுப்பு முகாமில் இருப்பவருக்கு அதைவிடக் குறைவு. அந்தக் காலத்தைத் தீர்ப்பாயத்தால் நீடிக்கவும் முடியாது. அதைத் தவறவிட்டவருக்கு இரண்டு கதவும் ஒன்றாகவே அடைபடுகின்றன. 2024 ஒக்டோபர் 14 முதல் பழைய நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் (ஏஏடி) இல்லை. அதன் இடத்தில் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம், அதாவது ஏஆர்டி இயங்குகிறது.

நீதிமன்றம் எனக்கு விசா தருமா?

தராது. இதை விளங்கிக்கொள்ளாமல் வழக்குப் போடுபவர்களே அதிகம் தோற்கிறார்கள், எனவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

தீர்ப்பாயத்தின் கேள்வி "இவர் அகதியா?" என்பது. நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகாது. "தீர்ப்பாயம் சட்டப்படி முடிவெடுத்ததா?" என்பதை மட்டுமே பார்க்கும். நீங்கள் சொன்னது உண்மையா, ஊரில் இன்றும் ஆபத்து உண்டா என்று நீதிபதி முடிவு செய்யமாட்டார். தீர்ப்பாயம் உங்களை நம்பாதது தவறு என்று அவருக்கே தோன்றினாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் தீர்ப்பை உடைக்க முடியாது. சட்டம் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்த அதிகார எல்லையை அது மீறியதாக, அதாவது நியாயாதிக்கத் தவறு நடந்ததாக, நீங்கள் காட்ட வேண்டும். காட்டினால் பழைய தீர்ப்பு ரத்தாகி, வழக்கு மறுபடி தீர்ப்பாயத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டாவது விசாரணையில் விசா கிடைத்தவர்கள் பலர் உண்டு, ஆகவே இதைச் சிறிய வெற்றி என்று எண்ண வேண்டாம்.

எப்படிப்பட்ட தவறுகளை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும்?

அடிக்கடி எடுபடுவது, முன்வைத்த கோரிக்கை ஒன்றைத் தீர்ப்பாயம் கவனிக்காமல் விட்டது. நீங்கள் நேரடியாகச் சொன்ன கோரிக்கை மட்டுமல்ல, கொடுத்த ஆவணங்களிலிருந்து தெளிவாக எழும் கோரிக்கையும் இதில் அடங்கும். அரசியல் கருத்துக்காக ஆபத்து என்று சொல்லியிருக்கிறீர்கள். கூடவே, காணாமல் ஆக்கப்பட்டோர் போராட்டத்தில் அம்மா முன்னணியில் நிற்கிறார் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். தீர்ப்பு முழுவதும் உங்கள் அரசியல் வேலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, குடும்ப உறவால் வரும் ஆபத்தைத் தொடவேயில்லை என்றால் அங்கே வாதத்துக்கு இடமுண்டு.

அடுத்தது நடைமுறை நியாயம். உங்களுக்கு எதிராகப் பயன்படுத்திய தகவலைக் காட்டிப் பதில் சொல்ல வாய்ப்புத் தந்ததா? விசாரணைக்கு ஒழுங்காக அழைத்ததா? தீர்ப்பாய உறுப்பினர் முதலிலேயே முடிவெடுத்துவிட்ட மனதோடு இருந்தார் என்று ஒருபக்கச் சார்பையும் வாதிடலாம். ஆனால் அதற்குரிய அளவுகோல் உயரம். ஆதாரம் இல்லாமல் எழுதினால் மற்ற நல்ல காரணங்களின் மதிப்பும் குறைந்துவிடும்.

சட்டச் சோதனையைப் பிழையாகப் பிரயோகிப்பது இன்னொன்று. அகதி என்பதற்கு "மெய்யான வாய்ப்பு" இருந்தால் போதும். 1989இல் சான் வழக்கிலிருந்து, அது 50 வீதத்துக்குக் குறைவாகவும், 10 வீதமாகவும்கூட இருக்கலாம் என்பதே நிலைப்பாடு. தீர்ப்பாயம் "நடக்கக்கூடிய சாத்தியம் அதிகமில்லை" என்ற அளவுகோலில் மறுத்திருந்தால் அந்த வரியை அடிக்கோடிடுங்கள். அகதி வரைவிலக்கணத்துக்குள் வராவிட்டாலும் கிடைக்கக்கூடிய துணைப் பாதுகாப்பை இரண்டு வரியில் தட்டிக்கழித்திருக்கிறதா என்றும் பாருங்கள். காரணத்துக்கும் முடிவுக்கும் தொடர்பே இல்லாத, எந்த நியாயமான மனிதரும் எட்டமுடியாத முடிவு என்பதும் ஒரு வாதம்.

தவறு இருந்தாலே போதுமா? போதாது. அது நடக்காதிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும் என்றும் காட்ட வேண்டும். 2024இல், நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம், எல்பிடிரி என்ற புனைபெயர் கொண்டவரின் வழக்கில் இந்த அளவுகோல் கடினமானதல்ல என்று தெளிவாக்கியது. யதார்த்தமாக வேறு முடிவு சாத்தியமாக இருந்தாலே போதும்.

"திரும்பிப் போனால் கட்டுநாயக்காவில் பிடித்து மறியலில் போடுவார்கள்" என்ற காரணம் நிற்குமா?

அது தனியாக நிற்பது கடினம். திரும்பியதும் தடுத்துவைப்பது பற்றிய வாதங்கள் இரண்டு முறை உயர் நீதிமன்றம்வரை போயின. 2015இல், சுதந்திரம் சிறிது நேரம் பறிபோவது தன்னளவிலேயே பாரிய தீங்கு ஆகிவிடாது, அதன் தன்மையையும் கடுமையையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பானது. 2017இல், நீர்கொழும்புச் சிறையின் மோசமான நிலைமையை வைத்து வாதிடப்பட்ட எஸ்இசட்டிஏஎல் வழக்கில், வேதனை கொடுக்கும் உண்மையான நோக்கம் அதிகாரிகளுக்கு இருக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். எனவே உங்கள் தனிப்பட்ட பின்னணி, அதாவது தழும்புகள், முந்தைய கைதுகள், புலம்பெயர் நாட்டில் செய்த அரசியல் வேலை போன்றவை அந்தத் தடுப்புக்காவலில் கூடுதல் ஆபத்தைக் கொண்டுவருமா என்பதைத் தீர்ப்பாயம் ஆராய்ந்ததா என்று தேடுங்கள்.

தவறை நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

தீர்ப்பின் பந்திகளுக்கு இலக்கம் இருக்கும். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். முதல் நிரலில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு கோரிக்கையும்: வாக்குமூலம், திணைக்கள நேர்காணல், தீர்ப்பாய விசாரணை, முகவர் அனுப்பிய எழுத்து வாதம் எல்லாவற்றிலிருந்தும். இரண்டாவதில் அது எந்தப் பக்கத்தில், ஒலிப்பதிவின் எந்த நிமிடத்தில் இருக்கிறது. மூன்றாவதில் தீர்ப்பு அதற்குப் பதில் சொன்ன பந்தி இலக்கம். மூன்றாவது நிரலில் வெறுமையாக விழும் இடங்கள்தான் உங்கள் வழக்கு. ஒலிப்பதிவின் பிரதியைத் தீர்ப்பாயத்திடம் கேட்டுப் பெறலாம். தீர்ப்பு வந்த முதல் கிழமையே கேளுங்கள்.

பிறகு காரணத்தை எழுதும் விதம். "தீர்ப்பாயம் எனது உயிராபத்தைப் புரிந்துகொள்ளவில்லை, அநீதி இழைத்துவிட்டது" என்று எழுதினால் அதில் நீதிபதிக்குச் செய்ய ஒன்றுமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "எனது வாக்குமூலத்தின் 14ஆம் பந்தியில், 2019இல் என் தம்பியை விசாரித்தபோது என்னைப் பற்றிக் கேட்டார்கள் என்று கூறியிருந்தேன். தீர்ப்பின் 31 முதல் 58 வரையான பந்திகள் என் சொந்தக் கைதுகளை மட்டுமே ஆராய்கின்றன. தம்பியின் விசாரணையிலிருந்து எழும் கோரிக்கை கவனிக்கப்படவில்லை." இரண்டு நல்ல காரணம் பத்துப் பொதுப்புலம்பலைவிடப் பலமானது. இணையத்திலோ தெரிந்தவரிடமோ வாங்கிய, எல்லோருக்கும் பொதுவான காரணப் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். அதே பட்டியலை நீதிபதிகள் பல வழக்குகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஊரிலிருந்து இப்போது புதுக் கடிதம் வந்திருக்கிறது. கொடுக்கலாமா?

கிராம அலுவலரின் கடிதம், பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம், வீட்டுக்கு வந்த புதிய அழைப்பாணை: இவை உங்கள் ஆபத்துக்குச் சான்று. நீதிமன்றமோ ஆபத்தை மதிப்பிடுவதில்லை. எனவே இங்கே அவை பொதுவாக ஏற்கப்படாது. பத்திரமாக வையுங்கள், வழக்கு தீர்ப்பாயத்துக்குத் திரும்பினால் அங்கே தேவைப்படும். நீதிமன்றம் ஏற்கும் புதுச் சான்று தவறு நடந்ததைக் காட்டுவதாக இருக்க வேண்டும்: விசாரணையின் எழுத்துப்படி, தீர்ப்பாயத்துக்கு நீங்கள் அனுப்பியதும் அவர்கள் பார்க்காததுமான மின்னஞ்சல், பிழையான முகவரிக்குப் போன அழைப்புக் கடிதம்.

மொழிபெயர்ப்பாளர் பிழையாகச் சொன்னார். அது காரணமாகுமா?

ஆகும், ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். தகுதிச் சான்றுள்ள வேறொரு மொழிபெயர்ப்பாளர் ஒலிப்பதிவைக் கேட்டு, நீங்கள் தமிழில் சொன்னதையும் ஆங்கிலத்தில் போனதையும் அருகருகே எழுதிச் சத்தியக்கடதாசி தர வேண்டும். பிழை முடிவைத் தொட்டிருக்கவும் வேண்டும். இயக்கத்தில் இருந்த ஒருவரை "அண்ணா" என்று நீங்கள் சொன்னது கூடப்பிறந்தவர் என்று போய், "முன்பு அண்ணன் இல்லை என்றீர்களே" என்று தீர்ப்பாயம் நம்ப மறுத்திருந்தால் அது கனமான பிழை. சிறு தடுமாற்றங்களைப் பட்டியலிடுவதில் பயனில்லை.

எந்தப் படிவம், எங்கே?

வழக்கு அவுஸ்திரேலிய ஃபெடரல் சர்க்கியூட் மற்றும் குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் பிரிவில் தாக்கலாகிறது. இரண்டு ஆவணம் தேவை: குடிவரவுச் சட்டத்துக்கான விண்ணப்பப் படிவம், தீர்ப்பாயத் தீர்ப்பின் முழுப் பிரதியை இணைத்த சத்தியக்கடதாசி. சத்தியக்கடதாசியில் சமாதான நீதவான் அல்லது சட்டத்தரணி முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முதல் எதிர்மனுதாரர் குடிவரவு அமைச்சர், இரண்டாவது தீர்ப்பாயம். மின்வழியிலும் நீதிமன்றப் பதிவகத்திலும் கொடுக்கலாம்.

தீர்ப்பாயத்தில் சேர்ந்து விண்ணப்பித்த மனைவி, பிள்ளைகள் எல்லோரின் பெயரையும் மனுதாரராகப் போடுங்கள். கணவர் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் பிறகு மற்றவர்களுக்காகக் கால நீடிப்புக் கேட்டு நிற்கும் நிலை வரக்கூடாது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சார்பில் வழக்கு நடத்த ஒரு பெரியவர் நியமிக்கப்பட வேண்டும். பெரும்பாலும் தாயோ தந்தையோ அதைச் செய்யலாம்.

எவ்வளவு செலவாகும்?

தாக்கல் கட்டணம் 2021 முதல் 3,000 டொலருக்கு மேல். ஆண்டுதோறும் ஜூலை 1இல் மாறும். அன்றைய தொகையை நீதிமன்றத் தளத்தில் பாருங்கள். நிதி நெருக்கடியை வருமானம், வாடகை, வங்கிக் கணக்கு விவரங்களோடு காட்டினால் பாதியாகக் குறைக்கக் கேட்கலாம்.

பெரிய செலவு அடுத்தது. வழக்குத் தோற்றால் அமைச்சரின் சட்டச் செலவை நீங்கள் கட்ட வேண்டும். இறுதி விசாரணைவரை போய்த் தோற்றால் விதிப்படியான தொகையே 8,000 டொலரைத் தாண்டும். இடையில் கைவிட்டால் குறைவு. எவ்வளவு முன்னதாக விலகுகிறீர்களோ அவ்வளவு குறைவு. அந்தக் கடனைத் தவணையில் கட்ட ஒழுங்கு செய்யலாம். கட்டாமல் விட்டால், அரசுக்குக் கடன் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையுள்ள வேறு விசாக்களில் பின்னாளில் சிக்கும். காலத்தை இழுப்பதற்காக மட்டும் வழக்குப் போடச் சொல்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதேயில்லை.

சட்டத்தரணி கட்டாயமா? முகவர் போதாதா?

சட்டத்தரணி அல்லாத குடிவரவு முகவர் நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்க முடியாது. நீங்களே வாதாடலாம், மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் ஏற்பாடு செய்யும். ஆனால் வாதம் முழுவதும் சட்ட நுட்பம் என்பதால், ஒரு முறையாவது சட்டத்தரணியிடம் தீர்ப்பைக் கொடுத்து "இதில் வெல்லும் வாய்ப்பு உண்டா?" என்று எழுத்தில் பெறுங்கள். வெல்ல நியாயமான வாய்ப்பு இருப்பதாகச் சான்று கையெழுத்திடாமல் சட்டத்தரணி இந்த வழக்கைத் தாக்கல் செய்ய முடியாது. வாய்ப்பே இல்லாத வழக்கைத் தூண்டிவிட்டவரையே செலவு கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. "காசைக் கட்டுங்கள், கேஸ் போட்டுத் தருகிறேன், கோர்ட்டில் நீங்களே பேசுங்கள்" என்று ஒருவர் சொன்னால் ஏன் தன் பெயரைப் போடமாட்டார் என்று கேளுங்கள்.

இலவச உதவிக்கு: விக்டோரியா லீகல் எயிட், லீகல் எயிட் என்எஸ்டபிள்யூ, மெல்பேணில் ரெஃபியூஜி லீகல், ஏஎஸ்ஆர்சி, சிட்னியில் ஆர்ஏசிஎஸ். எல்லா வழக்கையும் இவர்களால் எடுக்க முடியாது, எனவே தீர்ப்பு வந்த முதல் கிழமையிலேயே அழையுங்கள். 131 450 என்ற டிஐஎஸ் (அரச மொழிபெயர்ப்புச் சேவை) இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வழக்கு தாக்கலான பின், கட்டணமில்லாத பாரிஸ்டரிடம் அனுப்பும்படி நீதிபதியிடம் வேண்டலாம். அது அவரது விருப்புரிமை.

வழக்குப் போட்டால் பிரிட்ஜிங் விசா (இடைக்கால விசா) தானாக நீளுமா?

நீளாது. தீர்ப்பாயத்தின் மறுப்புக்குப் பிறகு பழைய பிரிட்ஜிங் விசா பொதுவாக 35 நாளில் முடிந்துவிடும். அது முடியுமுன், நீதிமன்ற முத்திரை குத்திய விண்ணப்பத்தின் பிரதியை இணைத்துப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். காலம் தாண்டித் தாக்கல் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் பிரிட்ஜிங் ஈதான் கிடைக்கும். கிடைத்ததும் நிபந்தனைகளை வாசியுங்கள்: 8101 என்றிருந்தால் வேலை செய்யக்கூடாது.

வழக்கு நடக்கும்போது நாடு கடத்த முடியுமா?

வழக்குப் போட்டதாலேயே நாடு கடத்தலுக்குச் சட்டத் தடை வந்துவிடாது. செல்லுபடியான பிரிட்ஜிங் விசா உள்ளவரை அகற்ற முடியாது. தடுப்பு முகாமில், விசா இல்லாமல் இருப்பவருக்கு அகற்றல் அறிவித்தல் வந்தால் உடனே இடைக்காலத் தடை கேட்க வேண்டும். அது மணிக்கணக்கில் நடக்கும் வேலை. 2019 ஓகஸ்ட் இறுதியில், குயின்ஸ்லாந்தின் பிலோயிலா ஊர்க்காரர் ஆதரவாகப் போராடிய தமிழ்க் குடும்பத்தை மெல்பேணிலிருந்து விமானம் ஏற்றியபின், இரவோடிரவாகத் தொலைபேசி வழியே பெறப்பட்ட தடையால் விமானம் டார்வினில் இறங்கியது. அதனால் முகாமில் இருப்பவரின் குடும்பத்தாரிடம் வழக்கு எண்ணும் சட்டத்தரணியின் இரவு நேரத் தொடர்பும் எப்போதும் இருக்க வேண்டும்.

என் பெயர் வெளியே வருமா?

வராது. பாதுகாப்பு விசா வழக்குகளில் மனுதாரர் பெயரை நீதிமன்றம் வெளியிடக்கூடாது என்று 91எக்ஸ் பிரிவு சொல்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்த புனைபெயர் கிடைக்கும். ஆனால் தீர்ப்பின் உள்ளடக்கம் பகிரங்கமானது. ஊர், பாடசாலை, சம்பவத் திகதி வைத்து அடையாளம் காணக்கூடிய விவரம் இருந்தால் முன்கூட்டியே நீதிமன்றத்திடம் சொல்லுங்கள். முகநூலில் நீங்களே வழக்கு எண்ணைப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்புக்குப் பொருளில்லை.

தாக்கல் செய்தபின் என்ன நடக்கும்?

அமைச்சரின் சட்டத்தரணிகள் பதில் தாக்கல் செய்து, தீர்ப்பாயத்தின் முன்னிருந்த ஆவணங்களைக் கோர்த்த "கோர்ட் புக்" ஒன்றை அனுப்புவார்கள். அதில் விசாரணையின் எழுத்துப்படி பொதுவாக இருக்காது. தேவையானால் நீங்களே செய்வித்து இணைக்க வேண்டும். முதல் தவணையில் கால அட்டவணை தருவார்கள்: திருத்திய விண்ணப்பம் எந்தத் திகதி, எழுத்து வாதம் எந்தத் திகதி என்று. திருத்திய விண்ணப்பம் பொன்னான வாய்ப்பு. அவசரத்தில் எழுதிய பலவீனமான காரணங்களை நீக்கி, கோர்ட் புக்கைப் பார்த்தபின் கிடைத்ததைச் சேர்க்கலாம். இறுதி விசாரணைக்குப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும்.

முகவரி மாறினால் நீதிமன்றம், திணைக்களம், அமைச்சரின் சட்டத்தரணி மூவருக்கும் தனித்தனியாக அறிவியுங்கள். தவணைக்குப் போகாவிட்டால் வழக்கு அன்றைக்கே தள்ளுபடியாகலாம்.

வென்றால்?

வழக்கு தீர்ப்பாயத்துக்குத் திரும்பும். சில வேளை விசாரணைக்கு முன்பே அமைச்சரின் தரப்புத் தவறை ஒப்புக்கொண்டு, இணக்கத்தோடு திருப்பி அனுப்ப முன்வரும். அந்தக் கடிதம் வந்தால் தாமதிக்காதீர்கள். 2012 ஓகஸ்ட் 13க்கும் 2014 ஜனவரி 1க்கும் இடையில் படகில் வந்து "ஃபாஸ்ட் ட்ராக்" என்ற விரைவு முறையில் ஐஏஏ (குடிவரவு மதிப்பீட்டு அதிகாரசபை) மறுத்தவர்கள் இப்போது வென்றால், ஐஏஏ ஒழிக்கப்பட்டுவிட்டதால் வழக்கு ஏஆர்டிக்கே போகும். பத்திரங்களை மட்டும் பார்த்து முடிவெடுத்த அந்தப் பழைய முறைக்கு மாறாக நேரில் பேச வாய்ப்புண்டு. சேர்த்து வைத்த புதுக் கடிதங்களுக்கு அதுதான் இடம்.

தோற்றால்?

ஃபெடரல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய 28 நாள். கீழ் நீதிமன்ற நீதிபதி எங்கே தவறினார் என்று காட்ட வேண்டும். அங்கே எழுப்பாத புதுக் காரணத்தை இங்கே கொண்டுவர அனுமதி வேண்டும். இறுதி விசாரணை இல்லாமல் இடைநிலையிலேயே வழக்கு தள்ளுபடியாகியிருந்தால், மேன்முறையீட்டுக்கே முன்அனுமதி கேட்க வேண்டும். அதற்கு 14 நாள்தான். அதன்பின் உயர் நீதிமன்றத்தின் விசேட அனுமதி; அதற்கும் 28 நாள், மிகச் சிலருக்கே கிடைக்கிறது. ஒவ்வொரு படியிலும் புதுக் கட்டணமும் புதுச் செலவு அபாயமும் உண்டு.

ஒருமுறை மறுக்கப்பட்டவர் அவுஸ்திரேலியாவுக்குள் இருந்தபடி மறுபடி பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பிக்க 48ஏ பிரிவு தடை போடுகிறது. அந்தத் தடையை நீக்க அமைச்சரால் மட்டுமே முடியும். அமைச்சரின் தலையீட்டைத் தனியாகவும் கேட்கலாம். ஆனால் அவர் பரிசீலிக்கவே கடமைப்பட்டவர் அல்லர், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது பெரும்பாலும் எடுத்துப் பார்ப்பதுமில்லை. எனவே அந்தக் கோரிக்கைக்கான ஆவணங்களை, அதாவது இங்கே பிறந்த பிள்ளைகளின் விவரம், வைத்திய அறிக்கை, வேலை கொடுத்தவரின் கடிதம், ஊரிலிருந்து வந்த புதுச் சான்று ஆகியவற்றை, வழக்கு நடக்கும் காலத்திலேயே திகதி வாரியாகக் கோவைப்படுத்தி வையுங்கள்.